ஏலியன் படங்களை மறுபடி பார்க்க நினைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஏலியன்' படங்களில் ஒன்றிரண்டை எப்போதோ பார்த்துவிட்டு, மீதியையும் பார்க்கலாமா, எதைத் தள்ளிவிடலாம் என்று யோசிப்பவர்களுக்காக எழுதியது இது. முதல் படம் வந்தது 1979-இல். அதன் கிளை 2025-இல் எட்டு எபிசோட் தொடராக வந்திருக்கிறது. நடுவே மகத்தான படங்களும் உண்டு, பாதியில் எழுந்துபோக வைக்கும் படங்களும் உண்டு. பதில்களில் சில கதைத் திருப்பங்களைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது. ஒன்றுகூடப் பார்க்காதவர்கள் முதல் இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

மொத்தம் எத்தனை படங்கள்?

நேர்வரிசையில் ஏழு. ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979), ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்' (1986), டேவிட் ஃபின்சரின் 'ஏலியன் 3' (1992), ஜான்-பியர் ஜூனேயின் 'ஏலியன் ரெசரக்‌ஷன்' (1997), மீண்டும் ஸ்காட்டே எடுத்த 'புரோமிதியஸ்' (2012), 'ஏலியன்: காவனென்ட்' (2017), ஃபெடே அல்வாரெஸின் 'ஏலியன்: ராமுலஸ்' (2024). இவை போக, பிரிடேட்டர் என்ற வேற்றுக்கிரக வேட்டையனோடு மோதவிட்ட இரண்டு படங்கள் 2004-இலும் 2007-இலும் வந்தன. நோவா ஹாலியின் 'ஏலியன்: எர்த்' தொலைக்காட்சித் தொடர்.

எந்த வரிசையில் பார்ப்பது? கதை நடக்கும் ஆண்டு வரிசையிலா, வெளிவந்த வரிசையிலா?

வெளிவந்த வரிசையில்தான். கதையின் காலப்படி 'புரோமிதியஸ்' 2093-இல் நடக்கிறது, முதல் படம் 2122-இல். அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு போனால் முதல் படத்தின் பெரிய சொத்து கைநழுவிப் போகும். பாழடைந்த ஒரு கப்பலுக்குள் மூன்று பேர் நுழைகிறார்கள். ராட்சத உருவம் ஒன்று நாற்காலியோடு நாற்காலியாகக் கல்லாகிக் கிடக்கிறது, அதன் மார்புக்கூடு உள்ளிருந்து வெளிப்பக்கமாக வெடித்திருக்கிறது. அது யார், எங்கிருந்து வந்தது, என்ன ஆனது என்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. விளக்கம் இல்லாததால்தான் அந்த இடம் அப்படிப் பயமுறுத்துகிறது. அந்த செட் இன்னும் பெரிதாகத் தெரியவேண்டும் என்று ஸ்காட் தன் பிள்ளைகளுக்குச் சின்ன விண்வெளி உடைகளை மாட்டி, தூரக் காட்சிகளில் நடக்கவிட்டார். பின்னால் வந்த படத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் 'ஓ, இவர்தானா' என்று தோன்றுமே ஒழிய, வயிற்றைக் கலக்காது.

ஒரே வரிசைக்குள் இத்தனை ஏற்ற இறக்கம் ஏன்?

முதல் நான்கு படங்களுக்கு நான்கு இயக்குநர்கள். கேமரூன் போர்ப்படம் எடுத்தார். ஃபின்சர் எடுத்தது ஒரு நீண்ட இழவு வீடு. ஜூனே விகாரமும் வேடிக்கையும் கலந்த ஒன்றை எடுத்தார். 'போன படம் மாதிரியே இன்னொன்று' என்ற கட்டாயத்துக்கு யாரும் பணியவில்லை. இதனால் உயரமும் கிடைத்தது, பள்ளமும் கிடைத்தது.

திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது வேறொன்று. மிருகம் எல்லாப் படத்திலும் கிட்டத்தட்ட அதேதான். முட்டை, முகத்தைக் கவ்வும் பூச்சி, மார்பைக் கிழித்துவரும் குட்டி, அமில ரத்தம். படத்தைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் அதன் எதிரே நிற்கும் ஆட்கள். அவர்களுக்கு என்ன வேலை, யாருக்காக அந்த வேலை, என்ன கூலி என்பதெல்லாம் நமக்குத் தெரிந்திருந்தால் படம் நிற்கிறது. கொல்லப்படுவதற்கென்றே கூட்டிவந்த ஆட்களாகத் தெரிந்தால் விழுந்துவிடுகிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

முதல் படம் இன்று பார்த்தால் பழசாகத் தெரியாதா?

கணினித் திரைகள் பழசு. பச்சை எழுத்து, தடித்த பித்தான்கள், ஓயாமல் மினுக்கும் விளக்குகள். மற்றபடி ஒன்றும் பழசாகவில்லை.

படத்தின் முதல் அரைமணியை நிதானமாகப் பாருங்கள். நாஸ்ட்ரோமோ என்பது சரக்குக் கப்பல். 2 கோடி டன் தாதுவைப் பூமிக்கு இழுத்துக்கொண்டு போகிறது. ஏழு பேர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து சாப்பிட உட்காருகிறார்கள். முதலில் எழும் பேச்சே போனஸ். என்ஜின் அறையில் வேலை செய்யும் பார்க்கருக்கும் பிரெட்டுக்கும் மற்றவர்களைவிடப் பங்கு குறைவு. 'எங்கள் பங்கை முதலில் சரிசெய்யுங்கள்' என்று ஆரம்பிக்கிறார்கள். பாதி வழியில் வந்த சமிக்ஞையைப் போய்ப் பார்க்கச் சொன்னதும், 'இது சரக்குக் கப்பல், மீட்புக் கப்பல் இல்லை, கூடுதல் கூலி கொடுத்தால் வருகிறோம்' என்கிறார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இருக்கிறது, போகாவிட்டால் பங்கே கிடையாது என்று கப்பலின் அறிவியல் அதிகாரி ஆஷ் சொன்னதும் அடங்கிவிடுகிறார்கள். யாஃபெட் கோட்டோவும் ஹாரி டீன் ஸ்டான்டனும் இதை நடித்திருக்கும் விதத்தில் நடிப்பு என்ற ஒன்றே தெரியாது.

பிறகு பிரெட் பூனையைத் தேடிப் போகிறார். உயரமான கூடம், மேலிருந்து தொங்கும் சங்கிலிகள், எங்கிருந்தோ சொட்டும் தண்ணீர். அவர் அண்ணாந்து நின்று அந்தத் தண்ணீரை முகத்தில் வாங்கிக்கொள்கிறார். களைத்துப் போன ஒரு தொழிலாளிக்குக் கிடைத்த ஒரு நிமிட ஓய்வு அது. கேமரா அவசரப்படாமல் அவரோடு நிற்கிறது. அடுத்து நடக்கப்போவது தெரிந்தே பத்தாவது முறை பார்க்கும்போதும், அந்தத் தண்ணீர் சத்தம் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிடுகிறது.

அந்த மிருகத்தை உருவாக்கியது யார்?

சுவிட்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கீகர். எலும்பும் எந்திரக் குழாயும் ஒன்றோடொன்று பிணைந்த உருவங்களை அவர் முன்பே வரைந்துகொண்டிருந்தார். திரைக்கதை எழுதிய டான் ஓபேனன், எடுக்கப்படாமலே போன ஒரு படத்தின் வேலையில் கீகரைச் சந்தித்திருந்தார். அந்த ஓவியத் தொகுப்பு ஸ்காட்டின் கைக்கு வந்ததும் வேறு தேடல் தேவைப்படவில்லை. தலையின் உள்விசைகளைச் செய்தவர் கார்லோ ராம்பால்டி. சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் இவர்கள் குழுவுக்குக் கிடைத்தது. மனிதர்கள் புழங்கும் கப்பலை வடிவமைத்தவர் ரான் காப். இரண்டையும் வேறு வேறு கைகளிடம் கொடுத்தது ஸ்காட்டின் பெரிய முடிவு. ஒரு பக்கம் தொழிற்சாலை, இன்னொரு பக்கம் கெட்ட கனவு. ஒரே ஆள் இரண்டையும் வரைந்திருந்தால் இந்த முரண் வந்திருக்காது.

உடைக்குள் இருந்தவர் போலாஜி படேஜோ. நைஜீரியாவைச் சேர்ந்தவர், லண்டனில் வரைகலை படித்துக்கொண்டிருந்த மாணவர், சுமார் 2 மீட்டர் உயரம், மெலிந்து நீண்ட கைகால்கள். ஆள் வேஷம் போட்டிருக்கிறார் என்று தெரியாமல் இருக்க இப்படி ஒரு உடல்வாகுதான் தேவைப்பட்டது. மெதுவாக நகரவும் மைம் அசைவுகளுக்கும் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முழு வளர்ச்சி அடைந்த மிருகம் படத்தில் தெரிவது சில நிமிடங்கள்தான். படேஜோ வேறு படம் நடிக்கவில்லை, 1992-இல் இறந்துவிட்டார். இந்தப் படத்தைப் புகழ்பவர்கள் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

சாப்பாட்டு மேசைக் காட்சியில் நடிகர்களுக்கு எதுவுமே சொல்லப்படவில்லையாமே?

பாதி உண்மை. திரைக்கதையை எல்லோரும் படித்திருந்தார்கள். கேனாக நடித்த ஜான் ஹர்ட்டின் மார்பிலிருந்து ஏதோ வரப்போகிறது என்று தெரியும். எவ்வளவு ரத்தம், எந்தப் பக்கம் தெறிக்கும் என்பதுதான் தெரியாது. வெரோனிகா கார்ட்ரைட்டின் முகத்தில் நேராக அடித்தது. அவர் பின்வாங்கி அலறுவது நிஜம்.

அந்தக் காட்சிக்கு முந்தைய நொடிகளைக் கவனியுங்கள். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு, இன்னும் கொஞ்சநேரத்தில் மறுபடி தூங்கி ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற நிம்மதியில் சாப்பிடுகிறார்கள். அந்த நிம்மதியை ஸ்காட் ஒரு நொடிகூடக் கெடுக்கவில்லை. பயமுறுத்தும் இசை வரவேயில்லை.

நாயகி ரிப்ளியின் பாத்திரம் ஆணுக்காக எழுதப்பட்டதா?

ஓபேனனின் ஆரம்ப எழுத்துப்படியில் பாத்திரங்கள் யாரை வேண்டுமானாலும் நடிக்கவைக்கும்படி, ஆண் பெண் பேதமின்றி இருந்தன. ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவர் அதற்கு முன் மேடை நடிகை, சினிமாவில் புதுமுகம் மாதிரிதான். இதனால் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. ரிப்ளியின் முதல் பெரிய முடிவு ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. நோய்த்தொற்று இருக்கக்கூடிய ஒருவரை உள்ளே விடமாட்டேன், 24 மணி நேரத் தனிமை என்பது விதி என்கிறாள். வெளியே நிற்பது அவளுடைய கேப்டன். அவளைத் தாண்டி ஆஷ் கதவைத் திறந்துவிடுகிறான். அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் மற்றவர்கள் பிழைத்திருக்கக்கூடும். தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரு ஊழியராகத்தான் அவள் நாயகி ஆகிறாள்.

இரண்டாம் படம் முதல் படத்தைவிடச் சிறந்ததா?

இந்தச் சண்டை ஓயப்போவதில்லை. எனக்கு முதல் படம் ஒரு படி மேல். ஆனால் 'ஏலியன்ஸ்' அளவுக்கு இறுக்கமாகக் கட்டிய வணிகப்படம் அபூர்வம்.

ரிப்ளி 57 ஆண்டுகள் தூங்கி எழுகிறாள். கம்பெனி அவளை விசாரிக்கிறது: எங்கள் கப்பலை ஏன் வெடித்தாய்? இறந்த ஆறு பேரைவிடக் கப்பலின் விலைதான் அங்கே முக்கியம். உரிமத்தைப் பறிக்கிறார்கள். அவள் சரக்குத் துறையில் லோடர் எந்திரம் ஓட்டிப் பிழைக்கிறாள். ராணுவக் கப்பலில் ஏறிய பிறகு, 'சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அந்த லோடரை எனக்கு ஓட்டத் தெரியும்' என்று அதில் ஏறிப் பெட்டியைத் தூக்கிக்காட்டுகிறாள். வீரர்கள் சிரிக்கிறார்கள், மரியாதையோடு. கடைசியில் ராணி மிருகத்தின் முன் அவள் எடுத்துவருவது துப்பாக்கியை அல்ல, அந்த லோடரை. கூலி வேலையில் கற்ற திறமை அவளைக் காப்பாற்றுகிறது. இந்த முடிச்சை கேமரூன் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே போட்டுவைத்துவிட்டு, நம்மை மறக்கவும் செய்துவிடுகிறார்.

லோடருக்குள் வீவரின் பின்னால் பலசாலி ஒருவர் ஒளிந்திருந்து அதன் கைகால்களை அசைத்தார். ராணியை உருவாக்கியது ஸ்டான் வின்ஸ்டன் குழு. மிருக உடைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. வெளிச்சத்தாலும் வெட்டுகளாலும் நூறு இருப்பதுபோல் காட்டினார்கள். லண்டனில் மூடப்பட்ட ஆக்டன் லேன் மின்நிலையத்தில்தான் அந்தக் கூட்டைக் கட்டினார்கள். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை வீவருக்குக் கிடைத்தது. அறிவியல் புனைவுப் படத்துக்கு அந்தப் பரிந்துரை வருவது அன்று பெரிய விஷயம்.

'ஏலியன்ஸ்' நீளமான பதிப்பா, திரையரங்கப் பதிப்பா?

முதல்முறை திரையரங்கப் பதிப்பு, 137 நிமிடம். மறுபார்வைக்கு 154 நிமிடப் பதிப்பு. நீளமானதில் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. ரிப்ளிக்கு ஒரு மகள் இருந்தாள். மகளின் பதினொன்றாவது பிறந்தநாளுக்கு வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவள், 57 ஆண்டு கழித்து எழுந்து, அந்த மகள் 66 வயதில் இறந்துவிட்ட செய்தியைக் கேட்கிறாள். கையில் ஒரு கிழவியின் படம். நியூட் என்ற சிறுமிக்காக அவள் ஏன் திரும்பிப் போகிறாள் என்பது இதற்குப் பிறகு வேறு கனத்தோடு புரிகிறது. இதை ஏன் வெட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை ஆதங்கம் உண்டு.

முதல் படத்துக்கும் 2003-இல் ஸ்காட் ஒரு மாற்றுப் பதிப்பு செய்தார். அதற்கு 1979 பதிப்பே போதும்.

'ஏலியன் 3' மேல் ஏன் இத்தனை கோபம்?

கோபம் நியாயமானது. இரண்டாம் படம் முழுக்க உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய நியூட்டும் ராணுவ வீரன் ஹிக்ஸும் மூன்றாம் படத்தின் பெயர்கள் ஓடும்போதே செத்துப்போகிறார்கள். ஆறு ஆண்டுகள் காத்திருந்து வந்தவர்களுக்கு அது கன்னத்தில் விழுந்த அறை.

படம் எடுத்த கதையும் சோகமானது. வின்சென்ட் வார்ட் என்ற இயக்குநர் மரத்தாலான ஒரு கோளையும் அதில் வாழும் துறவிகளையும் யோசித்துவைத்திருந்தார். அது கைவிடப்பட்டு, துறவிகள் சிறைக்கைதிகள் ஆனார்கள். விளம்பரப் படங்களிலிருந்தும் இசை வீடியோக்களிலிருந்தும் வந்த டேவிட் ஃபின்சருக்கு இதுதான் முதல் முழுநீளப் படம். திரைக்கதை முடியாமலே படப்பிடிப்பு தொடங்கியது. ஸ்டூடியோவோடு ஓயாத போராட்டம். இந்தப் படத்தை அவர் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்வதில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள். ஈய உலைகள் கொண்ட ஒரு தண்டனைக் கோள். கைதிகள் எல்லோருக்கும் மொட்டைத் தலை. ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. நியூட்டையும் ஹிக்ஸையும் உலையில் இறக்கும் சடங்கில், டில்லன் என்ற கைதி எழுந்து பேசுகிறான். ஒவ்வொரு விதைக்குள்ளும் ஒரு பூவின் நம்பிக்கை இருக்கிறது என்ற மாதிரி போகிறது பேச்சு. சார்லஸ் டட்டனின் குரல் அந்தக் கூடத்தை நிறைக்கிறது. அதே நேரத்தில் வேறொரு மூலையில் ஒரு விலங்கின் உடலைக் கிழித்துக்கொண்டு மிருகம் பிறக்கிறது. சாவும் பிறப்பும் மாறிமாறி வெட்டிக் காட்டப்படும் அந்த நிமிடங்களில் பின்னாளைய ஃபின்சர் முழுசாகத் தெரிகிறார்.

முடிவிலும் கம்பெனி வருகிறது. அன்பான முகத்தோடு, உன்னைக் காப்பாற்றுகிறோம் என்கிறது. ரிப்ளி அதை நம்ப மறுக்கிறாள். தன் உடம்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அவள் சொல்லும் பதில் கொடூரமானது, ஆனால் மூன்று படங்களாக அவள் எப்படி நடந்துகொண்டாளோ அதற்கு முழுக்கப் பொருந்துவது.

எந்தப் பதிப்பு?

2003 டிவிடி தொகுப்பில் வந்த 'அசெம்பிளி கட்'. ஃபின்சர் அதில் பங்கெடுக்கவில்லை, ஆனால் அவருடைய ஆரம்பகாலத் தொகுப்பை ஒட்டிச் செய்யப்பட்டது. 114 நிமிடப் படம் இதில் 145 நிமிடம். திரையரங்கப் பதிப்பில் நாயிலிருந்து வரும் மிருகம் இதில் எருதிலிருந்து வருகிறது. கைதிகள் ஒவ்வொருவராக முகம் பெறுகிறார்கள். கோலிக் என்ற மனநிலை தவறிய கைதியின் கதை முழுதாக இருக்கிறது: பெரும்பாடுபட்டு மிருகத்தைப் பூட்டிவைக்கிறார்கள், அவன் போய்த் திறந்துவிடுகிறான். 31 நிமிடத்தைக் கூட்டியதும் படம் மெதுவாவதற்குப் பதில் தெளிவாகிறது. யார் சாகிறார்கள் என்று நமக்கு அக்கறை வந்துவிடுவதுதான் காரணம்.

நான்காவது படம் தேறுமா?

முழுப்படமாகத் தேறாது. ஒரு காட்சிக்காகப் பார்க்கலாம். 200 ஆண்டுகள் கழித்து ராணுவ விஞ்ஞானிகள் ரிப்ளியைக் குளோன் செய்கிறார்கள். உயிரோடு உலவுவது எட்டாம் எண். ஓர் அறைக் கதவில் '1-7' என்று இருக்கிறது. அவள் உள்ளே போகிறாள். கண்ணாடிக் குடுவைகளில் தோற்றுப்போன முயற்சிகள். ஏழாவது இன்னும் சாகவில்லை. மேசையில் கிடந்தபடி அவளுடைய அதே முகத்தோடு கொன்றுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறது. வீவரின் முகத்தில் அருவருப்பும் துக்கமும் கலந்து வருகிறது. முழுப்படமும் இந்த அறையிலிருந்து புறப்பட்டிருக்கவேண்டும். படமோ அடுத்த நிமிடமே ஒரு துணுக்குக்குத் தாவிவிடுகிறது. நீருக்கடியில் நீந்தும் துரத்தலும் நன்றாக எடுக்கப்பட்டதுதான். கூடைப்பந்தை முதுகுக்குப் பின்னாலிருந்து எறிந்து வளையத்தில் போடுவது வீவர் நிஜமாகவே செய்தது.

பிரிடேட்டரோடு மோதும் படங்கள்?

2004 படத்தை மழைநாளில் பார்க்கலாம். அண்டார்க்டிகாவில் பனிக்கடியில் ஒரு பிரமிடு, அவ்வளவுதான். 2007 படம் வேண்டாம். இருட்டில் எது எதை அடிக்கிறது என்றே தெரியாது.

'புரோமிதியஸ்' கேள்விகளுக்குப் பதில் சொல்கிறதா?

முதல் படத்தின் அந்த ராட்சத உருவம் யார் என்று சொல்கிறது. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றவைக்கும் பதில்.

படத்தின் பெரிய பலவீனம் அதன் விஞ்ஞானிகள். வேற்றுக்கோளில் காற்று நல்லது என்று தெரிந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார்கள். குகையை வரைபடமாக்கும் கருவிகளைக் கொண்டுவந்தவரே வழி தெரியாமல் திரிகிறார். உயிரியலாளர் முன்பின் தெரியாத ஒரு பாம்பு மாதிரியான உயிரைக் கொஞ்சப் போகிறார். நாஸ்ட்ரோமோவின் என்ஜின் அறைக்காரர்கள் இப்படி ஒரு தப்பும் செய்யவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். தன் தொழில் தெரிந்தவர்களாகக் காட்டப்பட்டதால்தான் அவர்களுடைய சாவு வலித்தது.

ஆனாலும் படத்தைத் தள்ள எனக்கு மனம் வராது. ஐஸ்லாந்தின் டெட்டிஃபாஸ் அருவி முன் தொடங்கும் ஆரம்பம் அபாரம். நூமி ரபாஸ் தன் வயிற்றுக்குத் தானே அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் காட்சி முழு வரிசையிலும் மூச்சை நிறுத்தும் இரண்டு மூன்று காட்சிகளில் ஒன்று. அந்த எந்திரம் ஆண் உடலுக்கு மட்டும் அமைக்கப்பட்டது என்று அறிவிக்கும்போது வருகிற பதற்றம் சாதாரணமானதல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்த செயற்கை மனிதன் டேவிட். மனிதர்கள் உன்னை ஏன் படைத்தார்கள் தெரியுமா, முடிந்தது, படைத்தோம் என்று ஒருவன் சொல்கிறான். உங்களைப் படைத்தவர்களும் இதே பதிலைச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று டேவிட் திருப்பிக் கேட்கிறான்.

'காவனென்ட்'?

டேவிட்டுக்காக மட்டும். ஃபாஸ்பெண்டர் இரண்டு செயற்கை மனிதர்களாக வருகிறார், ஒருவர் மற்றவருக்குப் புல்லாங்குழல் கற்றுத்தரும் காட்சி நன்றாக இருக்கிறது. கப்பலில் போகும் குடியேறிகள் தம்பதிகளாக வருகிறார்கள், ஆனால் யார் யாருடைய துணை என்று மனதில் பதியும் முன்பே செத்துவிடுகிறார்கள். மிருகத்துக்குப் பிறப்புக்கதை எழுதியதில் மிருகம் சிறுத்துப்போனது என்பதே என் முடிவு.

'ராமுலஸ்' பழைய படங்களை நகலெடுக்கிறது என்கிறார்களே?

பிற்பாதி நகலெடுக்கிறது, உண்மை. பழைய வசனத்தைக்கூட இழுத்துவருகிறது. முற்பாதி அப்படியல்ல. வெயிலே எட்டிப்பார்க்காத ஒரு சுரங்கக் குடியேற்றம். ரெய்ன் என்ற இளம்பெண் தன் வேலை நேரத்தை முடித்துவிட்டாள், வெளியேற அனுமதிச்சீட்டு கேட்டு அலுவலகச் சாளரத்தில் நிற்கிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், மணிக்கணக்கு உயர்த்தப்பட்டுவிட்டது, இன்னும் சில ஆண்டுகள் உழைக்கவேண்டும், அடுத்து சுரங்கத்தில் வேலை என்று நிதானமாகச் சொல்கிறார். அவளுடைய பெற்றோர் இருவரும் அந்தச் சுரங்கத்தால் போனவர்கள். அந்த ஒரு நிமிடம் எந்த மிருகத்தைவிடவும் என்னைப் பயமுறுத்தியது. 1979-க்குப் பிறகு வேலையும் கூலியும் இத்தனை நேரடியாகக் கதையின் மையத்துக்கு வந்தது இதில்தான். கெய்லி ஸ்பேனியும், அவளுடைய செயற்கைத் தம்பி ஆண்டியாக வரும் டேவிட் ஜான்சனும் படத்தைத் தாங்குகிறார்கள். ஆண்டிக்குப் புது மென்பொருள் ஏறியதும் அவன் விசுவாசம் அக்காவிடமிருந்து கம்பெனிக்கு மாறுகிறது. குரலும் நிற்கும் விதமும் மட்டும் மாறி அது நடக்கிறது.

முதல் படத்தில் ஆஷாக நடித்த, இறந்துபோன இயன் ஹோமின் முகத்தை அதில் பயன்படுத்தியது சரியா?

2020-இல் மறைந்தவரின் முகத்தை, குடும்பத்தின் சம்மதத்தோடு, பொம்மையும் கிராஃபிக்ஸும் கலந்து கொண்டுவந்தார்கள். சம்மதம் இருந்தாலும் எனக்கு ஒப்பவில்லை. ஒரு நடிகர் ஒவ்வொரு பார்வையையும் யோசித்துச் செய்த இடத்தில் வெறும் முகம் பேசுகிறது. கதைக்கு அந்த முகம்தான் வேண்டும் என்ற அவசியமும் இல்லை. புது நடிகர் ஒருவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்திருக்கலாம்.

'ஏலியன்: எர்த்' தொடரைத் தொடங்கலாமா?

தொடங்கலாம். முதல் படத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு, 2120-இல் நடக்கிறது. பூமியையே சில கம்பெனிகள் பங்குபோட்டு ஆள்கின்றன. சாகப்போகும் குழந்தைகளின் மனதைச் செயற்கை உடல்களுக்கு மாற்றுகிறது அவற்றில் ஒன்று. அந்தக் குழந்தைகள் இனி யாருடைய உடைமை என்பதுதான் கதை. ஐந்தாம் எபிசோட் மாஜினோ என்ற கப்பலுக்குள்ளேயே நடக்கிறது, தனிப்படமாகவே நிற்கும்.

எல்லாப் படத்திலும் வரும் அந்தக் கம்பெனிக்கு மிருகம் எதற்கு?

ஆயுதமாக. முதல் படத்தில் ரிப்ளி கணினியிடம் மன்றாடி வாங்கும் ரகசிய ஆணையின் சாரம் இது: உயிரியைக் கொண்டுவா, மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம், ஊழியர்கள் போனால் போகட்டும். 'ஏலியன்ஸ்' படத்தில் வரும் கம்பெனி ஆள் பர்க் இன்னும் மோசம். சிரித்த முகம், நல்ல பேச்சு. ரிப்ளியையும் சிறுமியையும் தூங்கும் அறையில் பூச்சியோடு பூட்டி, அவர்கள் வயிற்றில் சரக்கைக் கடத்தப் பார்க்கிறான். 'ரெசரக்‌ஷன்' படத்தில் நிக்கல் ஆலைக்கு வேலைக்குப் புறப்பட்டவர்களைத் தூக்கத்திலேயே விற்றுவிடுகிறார்கள். மிருகம் தன் இயல்பைச் செய்கிறது. மனிதர்கள்தான் விலை போட்டுப் பார்க்கிறார்கள்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். பதினாறு பதினேழு வயதுக்குமேல், முதல் இரண்டு மட்டும்.

நேரம் குறைவு. எவற்றைப் பார்ப்பது?

1979, 1986, 'ஏலியன் 3' அசெம்பிளி கட், 'ராமுலஸ்'. இன்னும் ஒரு மாலை கிடைத்தால் 'புரோமிதியஸ்'. முதல் படத்தை மட்டும் விளக்கை அணைத்து, நல்ல ஹெட்ஃபோனோடு பாருங்கள். ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசையைவிட, கப்பலின் உறுமலும் காற்றுக் குழாய்ச் சத்தமும் அதில் அதிகம் பேசும்.

முதல் படத்தை இரண்டாம் முறை பார்க்கிறேன். எதைக் கவனிக்கலாம்?

ஆஷை மட்டும் பின்தொடருங்கள். அவன் செயற்கை மனிதன், கம்பெனி வைத்த ஆள் என்பது தெரிந்தபின் அவனுடைய ஒவ்வொரு அசைவுக்கும் கணக்கு இருக்கிறது. கதவைத் திறப்பவன் அவன். கேனின் முகத்தில் ஒட்டிய பூச்சியை வியப்போடு பார்ப்பவன் அவன். கடைசிச் சாப்பாட்டின்போது மற்றவர்கள் பேசிச் சிரிக்க, அவன் பார்வை கேனிடமே போய்ப்போய் நிற்கிறது. குட்டி வெளியே வந்ததும் பார்க்கர் கத்தியை ஓங்குகிறான். தொடாதே என்று தடுப்பவனும் ஆஷ்தான். முதல்முறை அது எச்சரிக்கை மாதிரிக் கேட்கும்.